துணி காயப்போடலாமா, அக்கா?

மாலை ஆறு மணி ஆனால் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். திருட்டு, விபத்து, தகராறு என்று யாரும் அந்த நேரத்தில் கூப்பிடுவது குறைவு. கூப்பிடுகிறவர்கள் எங்கள் காவலர் குடியிருப்புப் பெண்கள். பாஸ்பேட் சுரங்க ஊரான இந்தக் கஃப்ஸாவில் இருபத்தாறு வருடமாக இந்தத் தொலைபேசி அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் வயர்லெஸ், எதிரே பதிவேடு, காலடியில் ஒரு மேஜை விசிறி. பதினொரு கமிஷனர்கள் வந்து போய்விட்டார்கள். விசிறியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்த மனு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆறு மணிக்கு வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"வசீலா அக்கா, துணி காயப்போடலாமா?"

ஜூலை மாதத்தில் இந்த ஊரில் துணி காயப்போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிழிந்து கொடிக்குக் கொண்டுபோவதற்குள் பாதி காய்ந்துவிடும். ஆனால் நிலையத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். அதனால் நாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. பகல் முறைக்காரர்களுக்கு ஏழு மணிக்கு வேலை முடியும். ஏழு அடித்துப் பத்து நிமிடத்தில் வீட்டில் இருப்பார்கள். அதற்குள் புருஷன் எந்த முகத்தோடு வரப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நான் "போடு" என்றால் இன்று பரவாயில்லை என்று அர்த்தம். "வேண்டாம், எடுத்து உள்ளே வை" என்றால், பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பு, தொலைக்காட்சியை அணை, சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு எதுவும் கேட்காமல் இரு என்று அர்த்தம்.

ஏழு பெண்கள் என்னைக் கேட்பார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லாம் என் காது வழியாகத்தான் போகிறது. யாருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது, யார் தலையில் கல் விழுந்தது, கமிஷனர் யாரை வரிசையில் நிற்கவைத்து ஷூ பளபளக்கவில்லை என்று கிழித்தார், எல்லாம் வயர்லெஸ்ஸில் வரும், இல்லாவிட்டால் ஜன்னல் ஓரமாக வரும். பார்த்து, கூட்டிக் கழித்து, போடு, போடாதே என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைப்பானேன்.

இந்த ஏற்பாட்டை நான் ஏன் ஆரம்பித்தேன் என்றால், எனக்கு அப்படிச் சொல்ல ஒருத்தி இல்லாமல் போனதால்தான். என் புருஷன் இப்ராஹீமும் போலீஸ்காரர்தான். கல்யாணமான நாலாவது வருடம் என் இடது மணிக்கட்டு உடைந்தது. மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னேன். நாங்கள் இருந்தது தரைத்தள வீடு. கட்டுப் போட்ட டாக்டருக்கு அது தெரியும், அப்போதைய கமிஷனருக்கும் தெரியும், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு இப்ராஹீம் ஓய்வு பெற்று, கொல்லைப்புறத்தில் மாதுளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பூனையைக்கூட அதட்டமாட்டார். "எவ்வளவு தங்கமான மனுஷன்!" என்று தெருவில் எல்லாரும் சொல்வார்கள். மழை மேகம் கூடினால் என் மணிக்கட்டு வலிக்கும்.

அந்த ஏழு பேரில் ஹயாத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முப்பத்தொரு வயது. முந்தருடைய மனைவி. எட்டு வயதில் இனஸ் என்று ஒரு பெண். ஹயாத்துக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து வலது காது மந்தமாகிவிட்டது. அதனால் போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பாள். கையில் கரண்டி இருந்தால் போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "இருங்கக்கா, நல்ல காதுக்கு மாத்திக்கிறேன்" என்பாள். அவளுடைய சிரிப்பு போன் முழுவதும் நிறையும். சிரிக்க அவளுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம்.

முந்தரும் கெட்ட பிள்ளை இல்லை. இதை எழுதும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். சுரங்கத் தொழிலாளியின் மகன். அப்பாவின் நுரையீரல் பாஸ்பேட் தூசியில் போனபின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவன். பேரீச்சை அறுவடைக் காலத்தில் எனக்கு ஒரு கிளை கொண்டுவந்து ஜன்னலில் தொங்கவிட்டுப் போவான். அவன் வீட்டில் மாதம் ஒரு முறையாவது துணியை உள்ளே எடுத்து வைக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

அந்த ஜூலையில் நிலைமை மோசம். வேலை கேட்டு இளைஞர்கள் பாஸ்பேட் ரயில் போகும் தண்டவாளத்தின் மேல் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பத்தொன்பது நாள். எங்கள் ஆட்கள் காலை ஐந்து மணிக்கு வேனில் ஏறிப் போய், தலைக்கவசமும் கேடயமுமாக வெயிலில் நிற்பார்கள். மத்தியானம் ஆளுக்கு ஒரு ரொட்டி, உள்ளே டூனா மீனும் ஹரிஸா மிளகாய் விழுதும். அதுவும் வெயிலில் வெந்துபோய் வரும். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள். பதில் பேசக்கூடாது, கை ஓங்கக்கூடாது, எல்லாருடைய கையிலும் கேமரா இருக்கிறது என்று உத்தரவு. இரண்டு மாதமாக ஒருவருக்கும் விடுப்பு இல்லை. அந்தப் பத்தொன்பது நாளும் ஏழு பேருக்கும் நான் "உள்ளே வை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். குடியிருப்பின் பிள்ளைகள் வீடு மாறி வீடு மாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

இருபதாவது நாள், வியாழக்கிழமை, கமிஷனர் சுஹைர் நேரில் போனார். இன்று ரயில் போயே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மூன்று மணிக்கு மேல் வயர்லெஸ்ஸில் வேன் ஓட்டுநர் பெஷீரின் குரல் வந்தது. பின்னால் கைதட்டல், விசில், பலர் சேர்ந்து சிரிக்கும் சத்தம்.

"என்ன பெஷீர், கல்யாண வீட்டுக்குப் போயிட்டீங்களா?" என்றேன்.

"எழுதிக்கோங்கக்கா. தண்டவாளம் காலி. ரயில் மூணு நாப்பதுக்குப் போச்சு. கைது இல்ல. காயம் இல்ல. சேதம் இல்ல."

"அப்புறம்?"

"குறிப்பிட ஒண்ணும் இல்லக்கா."

எழுதினேன். பதிவேட்டில் காயத்துக்குக் கட்டம் இருக்கிறது, ஆயுதத்துக்கு இருக்கிறது, உடைந்த வாகனத்துக்கு இருக்கிறது. எதிலும் எதுவும் விழவில்லை என்றால் கீழே "குறிப்பிட ஒன்றுமில்லை" என்று எழுதிக் கோடு போட வேண்டும். மூன்று வாரத்தில் முதன்முறையாக அந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்கு மனசு லேசானது. எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

ஆறு மணிக்கு முதல் ஆளாக ஹயாத் கூப்பிட்டாள்.

"அக்கா, துணி..."

"போடுடி, தாராளமாப் போடு! வீட்ல இருக்கிற துணியெல்லாம் நனைச்சுப் போடு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ரயில் போயிடுச்சு. ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல. எல்லாரும் சிரிக்கிற சத்தம் என் காதுலயே விழுந்துச்சு."

"அல்லாஹ்வே! அப்ப இனஸை மாடிக்கு அனுப்ப வேணாமா?"

"எதுக்கு அனுப்பணும்? அப்பனும் மகளும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு எத்தன நாள் ஆச்சு? மாடியில லத்தீஃபா சமையலச் சாப்பிட்டுப் புள்ள இளைச்சே போச்சு."

சிரித்தாள். "மாவுக்குள்ள முட்டைய உடைச்சு ஊத்தி பிரிக் பொரிக்கப் போறேன்க்கா. நாலு முட்டை இருக்கு. மஞ்சக்கரு ஒழுகினாத்தான் அவரு சாப்பிடுவாரு, கொஞ்சம் வெந்துட்டா மூஞ்சி போற போக்கப் பாக்கணும்!"

"பாத்து, கைய சுட்டுக்காத."

"வச்சிடுறேன்க்கா, எண்ணெய் வைக்கணும்." அதுதான் அவள் இடது காதால் கேட்டு என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

மாடி வீட்டு லத்தீஃபா உட்பட மற்ற ஆறு பேருக்கும் அதையே சொன்னேன். ஆறே முக்காலுக்கு வேன் வந்தது. ஆட்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். யாரும் சிரித்துக்கொண்டு போனதாகத் தெரியவில்லை. சாவியைக் கொடுக்க என் ஜன்னலுக்கு வந்த பெஷீர் போகாமல் நின்றான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"முந்தர் கையெழுத்துக்கூடப் போடாம போயிட்டான்க்கா."

"அப்படி என்ன அவசரம்?"

அப்போதுதான் சொன்னான். தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் முந்தரின் தம்பி ஃபௌசியும் ஒருவன். மண்ணியல் படித்துவிட்டு ஏழு வருடமாக வேலையில்லாமல் இருக்கிறவன். படிக்கவைத்ததே முந்தர்தான். கமிஷனருக்கு அது தெரிந்திருக்கிறது. இரண்டிரண்டு பேராகத்தான் ஒவ்வொருவரையும் தூக்கினார்கள். ஃபௌசியின் முறை வந்தபோது கமிஷனர் முந்தரை மட்டும் முன்னால் கூப்பிட்டிருக்கிறார். "உன் தம்பிதானே? நீயே தூக்கு. சொந்தக்காரன் தூக்கினா சத்தம் வராது."

"ஐயா, வேற யாரையாவது..." என்று முந்தர் தொடங்கியிருக்கிறான்.

"ஏன், தம்பி கனமா இருக்கானா? இல்ல நீயும் அவன் பக்கத்துல உக்காரப் போறியா? உக்காரு, நாளைக்கு உன் சட்டையக் கழட்டி வாங்கிக்கிறேன்."

முந்தர் தூக்கினான். ஃபௌசி எதிர்க்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "மெதுவாண்ணா, உன் முதுகு வலிக்கும்" என்றான். கூட்டம் கைதட்டியது. விசில் அடித்தது. நூறு பேர் படம் எடுத்தார்கள். நிழலில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்ற பெண்களுக்கு நடுவில் அவர்களுடைய அம்மாவும் இருந்தாள். முந்தர் தம்பியைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இத ஏண்டா எனக்கு வயர்லெஸ்ல சொல்லல?" என்று கத்தினேன்.

"எந்தக் கட்டத்துல எழுதியிருப்பீங்கக்கா?" என்றான் பெஷீர்.

ஹயாத்தின் எண்ணைச் சுழற்றினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் வீட்டு போன் முன்னறையில் இருக்கிறது. அவள் பின்கட்டில் கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்கிறாள், ஒரு காது மந்தம். இனஸ் வாசலில் விளையாடப் போயிருக்க வேண்டும். மறுபடி சுழற்றப் போனேன், அதற்குள் இன்னொரு இணைப்பு அலறியது. தூசர் சாலையில் ஒரு லாரி கவிழ்ந்திருந்தது, உள்ளே ஆள் சிக்கியிருந்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, தீயணைப்புக்குச் சொல்லி, கிலோமீட்டர் கல் எது என்று கேட்டு எழுதி முடிப்பதற்குள் ஆறு நிமிடம் போய்விட்டது. மாடி வீட்டு லத்தீஃபாவைக் கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழக்கத்தில் விரல் மறுபடியும் ஹயாத்தின் எண்ணையே சுழற்றியது. இந்த முறை உடனே எடுத்தார்கள்.

"யாரு?" என்றான் முந்தர்.

நான் போனை வைத்துவிட்டேன். இருபத்தாறு வருடம் போனில் பேசியே சோறு தின்றவள், அந்த ஒரு நேரத்தில் பேசாமல் வைத்துவிட்டேன். "முந்தர், நான் வசீலா பேசறேன், உடனே நிலையத்துக்கு வா" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அவன் வந்திருப்பான். பத்து நிமிடம் கிடைத்திருக்கும். அந்தப் பொய்யை நான் இன்றுவரை எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பிறகு நடந்ததை லத்தீஃபாவும் ஹயாத்தும் சொல்லித் தெரிந்துகொண்டேன். முந்தர் கதவைத் திறந்தபோது இனஸ் மேஜையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் போன் அடித்தது. எடுத்தான், கேட்டான், மறுமுனையில் வைத்துவிட்டார்கள். ஊர் முழுக்கப் படம் பரவியிருக்கிறது, யாரோ கூப்பிட்டுக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஹயாத் பின்கட்டிலிருந்து பிரிக் தட்டோடு வந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு புருஷன் முகத்தை நேராகப் பார்த்து, சந்தோஷமாகக் கேட்டாள்.

"இன்னைக்கு நல்ல நாளாமே! எல்லாரும் சிரிச்சீங்களாமே!"

என்னுடைய வார்த்தை அது. நான் கொடுத்த வார்த்தையைத்தான் அவள் எடுத்து நீட்டினாள்.

"யார் சொன்னது?" என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. மறுபடி கேட்டான். சொல்லவில்லை. விரித்த கையால் இடது காதோடு சேர்த்து அறைந்தான். அவள் கதவு நிலையில் மோதி விழுந்தாள். பிறகும் ஷூக் காலோடு நின்று கேட்டுக்கொண்டே இருந்தான், யார் சொன்னது, யார் சொன்னது என்று. இனஸ் மேஜைக்கு அடியில் போய்விட்டாள். லத்தீஃபா இறங்கி வந்து கதவை இடித்தபோது ஏழு இருபத்தைந்து. என் போன் அடித்தபோது ஏழு முப்பத்திரண்டு.

பதிவேட்டில் அப்படியே எழுதினேன். நேரம், வீட்டு எண், காவலர் முந்தரின் பெயர், பதவி, காதிலிருந்து ரத்தம், சாட்சி லத்தீஃபா. எழுதி முடிப்பதற்குள் கமிஷனர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"வசீலாம்மா, இது குடும்ப விஷயம்."

"அடி வாங்கினது குடும்பம்தான் ஐயா. அடிச்சது உங்க ஆளு."

"பையன் பாவம், ரொம்ப அழுத்தத்துல இருக்கான். உங்களுக்குத் தெரியாததா? இப்ராஹீம் அண்ணன் காலத்துல பாக்காததா? அந்தப் பக்கத்த எடுத்துட்டு வேற எழுதுங்க. குடும்ப விவகாரம், சமாதானம் ஆயிடுச்சு, குறிப்பிட ஒண்ணும் இல்லன்னு."

"பக்கத்துக்கு நம்பர் இருக்கு ஐயா. கிழிச்சா அதையும் எழுதணும்." பேனாவை மூடாமலே கேட்டேன். "அழுத்தம் எங்கேருந்து வந்துச்சுன்னும் எழுதட்டுமா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டதாக அன்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹயாத்தின் தலையைச் சுற்றிக் கட்டு. நான் இடது பக்கம் உட்கார்ந்து பேசினேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். எழுந்து வலது பக்கம் போய், குனிந்து, அந்த மந்தக் காதுக்குள் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த கட்டில்காரிக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"என் பேரச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி! ஏன் சொல்லல?"

தன் குரலின் அளவு அவளுக்கே தெரியாததால் ரொம்ப மெதுவாகப் பேசினாள். "உங்க பேரச் சொல்லிட்டா, நாளைக்கு மத்தவங்களுக்கு யாருக்கா சொல்லுவா? லத்தீஃபாவுக்கு மாசம் எட்டு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். அடிபட்டுக் கிடக்கிறவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். ஒரு பிள்ளைத்தாச்சியின் வீட்டுக்குள் கூரை எப்போது விழும் என்று நான் நாள்தோறும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டைவிட்டு வெளியே வா என்று ஒருத்தியிடமும் ஒரு நாளும் சொன்னதில்லை. அது அந்தக் கட்டில் பக்கத்தில்தான் எனக்கு உறைத்தது.

இடது காது இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெண்கள் மீதான வன்முறையை விசாரிக்கிற தனிப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி வந்தாள். நல்ல பெண். ஆனால் அவளும் எங்கள் முற்றத்தில்தான் வண்டியை நிறுத்துகிறாள், முந்தரோடு ஒரே இயந்திரத்தில் காப்பி எடுத்துக் குடிக்கிறாள். ஹயாத் முதல் நாள் உண்மையைச் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் மாற்றிச் சொன்னாள். நாற்காலி மேல் ஏறித் திரைச்சீலை மாட்டும்போது விழுந்துவிட்டாளாம். அவள் வாயிலிருந்து அதைக் கேட்டபோது என் பழைய மாடிப்படி ஞாபகம் வந்தது.

"ஏண்டி?" என்று அந்தக் காதுக்குள் கேட்டேன்.

"வீடு இலாகா வீடுக்கா. அவருக்கு வேல போனா வீடும் போகும். நான் எங்க போவேன்? எங்கம்மா வீட்ல ஏற்கனவே ரெண்டு தங்கச்சிங்க திரும்பி வந்து உக்காந்திருக்காங்க. இவரு தம்பி வேலையில்லாம இருக்கான், மாமியாருக்கு மருந்து இவரு சம்பளத்துலதான்."

"எங்க வீட்டுக்கு வா."

கட்டுப் போட்ட தலையோடு அவள் சிரித்தாள். "உங்க வீடும் போலீஸ்காரன் வீடுதானேக்கா."

முந்தருக்குப் பதினைந்து நாள் ஓய்வு விடுப்பு கொடுத்தார்கள். இரண்டு மாதமாக யார் கேட்டும் கிடைக்காத விடுப்பு. ஹயாத்தும் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனாள். முடிந்து வந்த அன்று என் ஜன்னலுக்கு வந்து நின்றான். இளைத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தின் மேல் கோபமும் வந்தது.

"எனக்கே தெரியலக்கா. அன்னைக்கு என் கையே என் கையா இல்ல. அந்த ஆளு என்னை அத்தன பேர் முன்னாடி..."

"கமிஷனர் உன்னைத் திட்டாத நாள் உண்டா?"

"இல்ல."

"அவரு காதுல ஒரு நாளாவது கை வச்சிருக்கியா?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப உன் கை உன் கையாத்தான் இருந்திருக்கு. யாரு மேல நீளணும், யாரு மேல நீளக்கூடாதுன்னு அதுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு."

அந்தக் கம்பியில் நெற்றியை வைத்து அழுதான். நான் பதிவேட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினான். தண்டவாளத்தில் புதிதாக ஒரு கூடாரம் வந்திருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு ஆறு பேர் கூப்பிட்டார்கள். ஆறு பேருக்கும் "உள்ளே வை" என்றேன். முடிந்தால் இன்று அம்மா வீட்டுக்குப் போ, போய்விட்டு வராமல்கூட இரு என்றும் சேர்த்துச் சொன்னேன். பதிவாகட்டும், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். லத்தீஃபா மட்டும், "என்னாச்சுக்கா உங்களுக்கு, இன்னைக்கு நல்ல நாள்னு சொன்னாங்களே" என்று கேட்டாள். நல்ல நாள் எது என்று எனக்குத் தெரியாது என்றேன்.

ஆறேகாலுக்கு ஏழாவது அழைப்பு வந்தது. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெல்லிய குரல்.

"பெரியம்மா, நான் இனஸ். அம்மாவுக்குப் போன்ல கேக்க மாட்டேங்குது. என்னைக் கேக்கச் சொன்னாங்க." அப்புறம், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவள் போல, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். "துணி காயப்போடலாமா?"

எதிரே பதிவேட்டில் அன்று மாலை எழுதிய பக்கம் திறந்திருந்தது. கைது இல்லை, காயம் இல்லை, சேதம் இல்லை. கீழே என் கையெழுத்திலேயே அந்த வாக்கியம், அதற்கும் கீழே கோடு.

"வேணாம் கண்ணு. எடுத்து உள்ள வை. அம்மாவக் கூட்டிட்டு மாடிக்குப் போயிடு."

போனைக் கீழே வைத்துவிட்டு அவள் ஓடுவது கேட்டது. தூரத்தில், அம்மாவின் நல்ல காதுக்காக, இப்போது அந்த மந்தக் காதுதான் அவளுக்கு நல்ல காது, அதற்காகத் தொண்டை கிழியக் கத்தினாள். "உள்ள எடுக்கணுமாம், அம்மா! உள்ள! எடுக்கணுமாம்!"

மறுநாளும் ஆறேகாலுக்கு அவள்தான் கூப்பிட்டாள். அதற்கு அடுத்த நாளும். தினமும் அதே பதிலைத்தான் சொன்னேன். வயர்லெஸ்ஸில் என்ன வந்தாலும், யார் சிரித்தாலும், யார் என்ன சொன்னாலும் இனி நான் "போடு" என்று சொல்வதாக இல்லை. ஒன்பதாவது நாள், நான் சொல்லி முடித்தபின்னும் அவள் போனை வைக்கவில்லை.

"பெரியம்மா."

"சொல்லுடா கண்ணு."

"நேத்தும் வேணாம்னீங்க. முந்தாநேத்தும் வேணாம்னீங்க. அப்ப எப்பதான் போடலாம்?"

மணி ஆறு பதினேழு. ஏழடிக்க இன்னும் நாற்பத்து மூன்று நிமிடம் இருந்தது. இனஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.